மாமா ஊர் கேட்காத மனிதர்

ஓகஸ்ட் மாதம் வந்தால் இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்கள் இரண்டு வகையாகப் பிரிவார்கள். வீட்டு எசமானி சிஞ்ஞோரா கடற்கரை வீட்டுக்குப் போகும்போது கூடவே கொண்டுபோகப்படுகிறவர்கள் ஒரு வகை. லீவு கொடுத்து விடப்படுகிறவர்கள் மற்ற வகை. அம்மாவின் தங்கை, என் சித்தி, எப்போதும் முதல் வகை. எனக்கு ஒன்பது வயதான வருடம் மட்டும் அவருக்கு லீவு கிடைத்தது. நோர்வேயில் இருக்கும் அண்ணனுக்குக் கடும் வருத்தம், சாகமுன் தங்கையைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று அம்மா சிஞ்ஞோராவிடம் போய்ச் சொன்னார். அந்த அண்ணன், அதாவது என் மாமா, அம்மா, சித்தி, நான் மூவரையும் நோர்வே விமான நிலையத்தில் சந்தித்து இரண்டு பெட்டிகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனார்.

உண்மைக் காரணம் சித்தியின் கல்யாணம். அப்போது சித்திக்கு முப்பது தாண்டிவிட்டது. ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் இரண்டறை வீட்டுக்குப் பெண் பார்க்க இரண்டு தரம் ஆட்கள் வந்தார்கள். முதல் தரம் சித்தி வாயே திறக்கவில்லை. இரண்டாம் தரம் தேநீர்த் தட்டை மேசையில் வைத்து, “எடுத்துக் குடியுங்கோ, எனக்குப் பொலிதேயாமாவிலை வேலைக்குப் பிந்துது” என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இனிமேல் தட்டோடு வந்து நிற்கமாட்டேன் என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னாராம்.

அதனால் மாமா ஒரு திட்டம் போட்டார். அந்தத் திட்டம் எனக்குத் தெரியவர வெகு காலம் பிடித்தது. வாசிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமா வேலை செய்த மீன் தொழிற்சாலைக்கு ஒரு மரவீடு இருந்தது. மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே வந்து கிடக்கும். அதை அங்கே ஃபியோர்ட் என்பார்கள். அதன் கரையில் அந்த வீடு. தொழிலாளர்கள் முறை வைத்துக் கோடையில் போய்த் தங்குவார்கள். மாமாவின் முறை வந்தபோது எங்களையும் அங்கே கூட்டிப்போய், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துக்குக் காரில் சுற்றிக் காட்டுவது. போகிற இடத்தில் மாப்பிள்ளை தற்செயலாக நிற்பார். அவர் சித்தியைப் பார்ப்பார். பெண் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே சித்தி பார்க்கப்படுவார். தட்டும் இல்லை, தேநீரும் இல்லை.

மாமா நல்ல மூளைசாலி. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்த நாட்டில் எங்கே ஒரு தமிழ்த் தலையைக் கண்டாலும் காரை நிறுத்திவிடுவார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஒரு பெற்றோல் நிலையத்தில் ஒருவரைக் கண்டு, “தம்பி ஊரிலை எவடம்?” என்று தொடங்கி, அவர் மாமியின் ஒன்றுவிட்ட தமையனுக்கு மச்சான் முறை என்று கண்டுபிடிக்கும்வரை விடவில்லை. நாங்கள் காருக்குள் குளிரில் காத்திருந்தோம்.

முதல் நாள் ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போனோம். மாமி இடியப்பமும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஈரப் பாறைகளில் பொலித்தீன் விரித்துச் சாப்பிட்டோம். எங்களைத் தவிர அங்கே சில வெள்ளைக்கார முதியவர்களும், கொஞ்சம் தள்ளி, புது நீல யக்கெற் போட்ட ஒரு மனிதரும்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. பார்த்தவுடனே எங்கள் ஆள் என்று தெரிந்தது. மாமா ஊர் கேட்கப் போகிறார், சாப்பாடு ஆறப் போகிறது என்று நினைத்தேன். மாமா நீர்வீழ்ச்சியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

நான் அதிகம் கதைக்காத பிள்ளை. இருந்தும் கேட்டுவிட்டேன். “மாமா, அவரோடை கதைக்கேல்லையோ?”

“அவர் இந்தியாக்காரர், பிள்ளை. நீர் சாப்பிடும்.”

அந்த நேரம் பார்த்து இந்தியாக்காரர் பாசியில் வழுக்கினார். “அம்மாளாச்சி!” என்று கத்திக்கொண்டு குந்தினார். யாழ்ப்பாணத்தார் தவிர வேறு யாரும் விழும்போது அப்படிக் கூப்பிடமாட்டார்கள். அம்மாவும் மாமியும் ஒன்றுமே கேளாதவர்கள் மாதிரி இடியப்பத்தைப் பிய்த்தார்கள். வழியில் காணும் யாரோ ஒருவரின் காருக்குச் சில்லு மாற்றிக் கொடுக்கும் மாமா, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சித்தி மட்டும் அந்தப் பக்கம் ஒரு தரமும், மாமாவை ஒரு தரமும் பார்த்தார். பிறகு குனிந்து சிரித்தபடி எனக்குக் குழம்பு விட்டார்.

அடுத்த நாள் மரத்தாலேயே கட்டிய ஒரு பழைய தேவாலயம். மழை. சித்தி மழைச்சட்டையின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். அதே மனிதர் அங்கேயும் நின்றார், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. மாமா மறுபடியும் அவரைக் காணவில்லை. “பிள்ளை, அந்தத் தொப்பியை எடுத்திட்டு ஒரு படத்துக்கு நில்லன்” என்று மாமி சித்தியைக் கெஞ்சினார். “நனைஞ்சால் தடிமன் வரும் மச்சாள்” என்றார் சித்தி. அன்று சித்தியின் முகம் யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் மாமா நிச்சயமான இடத்தைத் தெரிந்தெடுத்தார். ஃபியோர்ட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல். கார்களைக் கீழே விட்டுவிட்டு ஆட்கள் மேலே ஏறி நிற்கலாம். மழை இல்லை. ஒருவரும் ஓடி ஒளியவும் முடியாது.

மேல்தட்டில் அந்த மனிதர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மாமா கோப்பி வாங்கப் போனார். அம்மாவும் மாமியும் மலையைப் பார்த்தார்கள். சித்தி என் கையைப் பிடித்து, “வா, காத்து வாங்குவம்” என்று நேராக அவரிடமே கூட்டிப்போனார்.

“நீங்கள் ஊரிலை எவடம்?”

அவர் திடுக்கிட்டு, “சுழிபுரம்” என்றார்.

“அண்ணை ஊர் கேட்காமல் விட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதிலைதான் கண்டுபிடிச்சனான்” என்றார் சித்தி. “கால் எப்பிடி?”

“நோகுது. பரவாயில்லை.”

“எவ்வளவு தூரத்திலையிருந்து வாறியள்?”

“நாலு மணித்தியாலம் ஓடவேணும். றோட்டு வடிவு.”

அவர் கையில் அந்தக் கப்பலில் விற்கும் தடித்த அப்பம் போன்ற பண்டம் ஒன்று இருந்தது. கடிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அதை என்னிடம் தந்தார். உள்ளே வெண்ணெயும் சீனியும். அதனால் அவர்கள் கதைத்தது எல்லாம் என் காதில் விழுந்தது, ஆனால் என் கவனம் வேறு இடத்தில் இருந்தது.

“அண்ணைக்கு நீங்கள்தான் சொல்லவேணும், பிடிக்கேல்லை எண்டு” என்றார் சித்தி.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னால் அடுத்த ஆளைக் கொண்டுவருவினம். நீங்கள் சொன்னால் பாவம் எண்டு கொஞ்ச நாளைக்கு என்னை விடுவினம்.”

“அங்கை பலெர்மோவிலை ஆரும் இருக்கினமோ?”

“ஓம். மன்னார் ஆள். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர். வீட்டிலை தெரியாது.”

கடற்பறவை ஒன்று என் கையிலிருந்ததைக் குறிவைத்துப் பறந்தது. நான் அதைத் துரத்தினேன்.

“என்ன காரணம் சொல்லுறது?” என்று அவர் கேட்டார்.

“ஆம்பிளையளுக்குக் காரணம் சொல்லித் தரவேணுமே? நிறம் எண்டு சொல்லுங்கோ. கட்டை எண்டு சொல்லுங்கோ.”

“அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வராது. வயது கூட எண்டு சொல்லட்டோ?”

“ஆருக்கு? எனக்கோ, உங்களுக்கோ?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சித்தியும் சிரித்தார். தூரத்திலிருந்து அதைப் பார்த்த அம்மா, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டதை நான் கண்டேன். அவர்கள் சிரிப்பை மட்டுமே பார்த்தார்கள்.

அன்று மாலை மாமா பெற்றோல் நிலையத்துத் தொலைபேசியில் அவருடன் கதைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

“வயசு கூடவாம்.”

“ஆருக்காம்?” என்றார் மாமி. “நெத்தி உச்சிக்குப் போட்டுது, அவருக்குக் கதையைப் பார்.”

அம்மா அழுதார். பல்லைக் காட்டிக் கதைத்துவிட்டு இப்படிச் சொன்னவன் மனிதனா என்று கேட்டார். அவனைப் பற்றி அந்த நாட்டில் உள்ள தமிழர் எல்லோருக்கும் சொல்லிவைக்கப்போவதாக மாமா சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவரைத் தேற்ற ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவர் நல்ல நித்திரை என்பது பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு இடத்துக்கும் போகவில்லை. பெற்றோல் விலை என்றார் மாமா. பனிமலை காட்டுவதாகச் சொல்லியிருந்தார், அதுவும் நடக்கவில்லை. மிச்ச நாட்களில் சித்தியும் நானும் கரையில் இருந்து தூண்டில் போட்டோம். நான் கப்பலில் கேட்டதை யாருக்கும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். காதால் கேட்டவள் நான். இருந்தும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து திட்டியபோது அவர் கெட்டவர் என்றுதான் நானும் நம்பினேன்.

சித்தியை அதன்பின் இரண்டு வருடம் கல்யாணம் என்று சொல்லி யாரும் தொந்தரவு செய்யவில்லை. மூன்றாவது வருடம் மன்னார்க்காரரைக் கட்டினார். மாமா வரவில்லை. இப்போது சித்தியின் வீடு பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அம்மா இன்றைக்கும், “அண்டைக்கு அந்த நெத்தி ஏறினவன் ஓம் எண்டிருந்தால்” என்று தொடங்குவார். “அவரைத் திட்டாதை அக்கா” என்று மட்டும் சித்தி சொல்வார்.

அந்த மனிதரை நான் கடைசியாகக் கண்டது எங்கள் காரின் பின் கண்ணாடியால். கப்பல் மறு கரையில் முட்டியதும் றோட்டால் சுற்றி வீட்டுக்குப் போக எல்லோரும் கீழே இறங்கிக் கார்களுக்குள் ஏறினோம். அவர் இறங்கவில்லை. அவருடைய கார் முதல் கரையிலேயே நின்றது. இந்தக் கரையில் அவருக்கு ஒரு அலுவலும் இல்லை. எங்கள் கார் வெளியே வர, அந்தப் பக்கம் போகும் கார்கள் உள்ளே ஏறின. பிறகு கப்பல் அவரோடு மெல்லப் பின்வாங்கியது. நான் கை காட்டினேன். அவரும் காட்டினார். பக்கத்தில் இருந்த சித்தி திரும்பிப் பார்க்கவில்லை.

“அவர் திரும்பவும் கப்பலிலை போறார்” என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கும் இன்னொரு தரம் போகவேண்டும் என்று அழுதேன். ஒரே நாளில் இரண்டு தரம் கப்பலில் போகக் கிடைத்த அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய பொறாமையாக இருந்தது.