சிவந்த அலகுக்காரன்

பறவை ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவி, தினை போட்டு, தண்ணீர் மாற்றுகிறவளுக்குக் கூண்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே நடப்பது ஒரு மாப்பிள்ளை பார்க்கும் படலம். நடுக்கூண்டில் ஒரு பெட்டைக் குருவி; இரண்டு பக்கமும் ஆண் குருவிகள். ஒன்றுக்கு அலகு நன்றாகச் சிவந்திருக்கும், மற்றதுக்கு வெளுத்துக் கிடக்கும். பெட்டை எந்தப் பக்கத்துக் கம்பியை ஒட்டி உட்காருகிறதோ, அவன்தான் மாப்பிள்ளை. பெரும்பாலும் சிவந்த அலகுக்காரன்தான். ஜோடி சேர்ந்தபின் மாப்பிள்ளைத் துரை பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். குஞ்சுகளுக்கு இரை கொடுத்தே பெட்டை ஓய்ந்துபோகும்.

"இவனக் கட்டி இவளுக்கு என்ன மேடம் லாபம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஆண் குஞ்சுங்க அப்பன் மாதிரியே அழகா வரும்க்கா. அதுங்களையும் பெட்டைங்க தேடி வரும். பேரன் பேத்தி பெருகும். அதுதான் லாபம்னு சொல்றாங்க. நிஜமான்னுதான் பாக்கறோம்," என்றார் ஆராய்ச்சி மேடம்.

கூண்டக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அவளும் அப்படி ஒருத்தனைத்தான் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டாள். பஸ் டிரைவர், சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கம்பி நீட்டிவிட்டான். மகனோ அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தான். அதில் அவளுக்கு ஏகப் பெருமை, வெட்கங்கெட்ட பெருமை. கிழிந்த செருப்போடு வேலைக்குப் போய், அவனுக்கு இஸ்திரிச் சட்டை மாட்டி அழகு பார்த்தாள்.

அந்த அழகு வேலையைக் காட்டிவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "அவர் போனே எடுக்க மாட்டேங்கறார் அத்தை. நீங்க சொன்னா கேப்பார்."

மகன் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே பதில் சொன்னான். "நானா கூப்பிட்டேன்? அவளா வந்தா. நீ இதுல தலையிடாதம்மா."

"உங்கப்பன் புத்தி அப்படியே இருக்குடா உனக்கு!"

அவன் சிரித்தான். அந்த நேரத்திலும் அவன் அழகாகத்தான் இருந்தான் என்பது அவளைக் கொன்றது.

மறுநாள் கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல், ஜோடி சேர்ந்திருந்த சிவந்த அலகுக்காரனைப் பிடித்து வேறு கூண்டில் போட்டாள். வெளுத்த அலகுக்காரனை உள்ளே விட்டாள். இவனாவது ஒழுங்காகக் குஞ்சு பார்ப்பான், அவளும் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்ற நினைப்பு. பெட்டை அவனைக் கொத்திக் கொத்தி மூலைக்கு விரட்டியது. "பட்டுத் தொலை, சனியனே!" என்று அதையும் திட்டித் தீர்த்தாள். மேடம் வந்து பார்த்துவிட்டு, இத்தனை மாத வேலையும் பாழ் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். "அவன் வரமாட்டான்மா. என் புள்ளைன்னு பாக்காம சொல்றேன், அவன நம்பாத. பிரசவத்த நான் பாத்துக்கறேன்."

மாத்திரை அட்டைகளை அடுக்கியபடியே அந்தப் பெண் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பையனா பொறந்தா அவர மாதிரியே இருப்பான் இல்ல அத்தை?"

"இருப்பான்," என்றாள் கூண்டக்கா, சாபம் கொடுப்பதைப் போல.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.