கேன்வாஸுக்கு வைத்த மஞ்சள்

இந்த ஊரில் துணிக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுவருக்கு இல்லை, துணிக்கு. கனடாவில், பெயர் சொன்னாலும் உங்களுக்கு விளங்காத ஒரு குளிர் ஊரில், சனிக்கிழமை ஓவிய வகுப்பு. முதல் வாரம் கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து ஸ்டேப்ளர் அடித்தோம். அடுத்த வாரம் ஜெஸ்ஸோ என்ற வெள்ளையைப் பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் துணி அக்ரிலிக் வண்ணத்தைக் குடித்துவிடுமாம். கந்தர்வக்கோட்டையில் பொங்கலுக்கு முன்பு அப்பா சுண்ணாம்பு மட்டையைப் பிடித்தால் மத்தியானச் சோற்றுக்குள் வீடே வெளுத்துவிடும். இங்கே ஒரு முழத் துணிக்கு இரண்டு சனிக்கிழமை. கலை என்றால் சும்மாவா?

கிண்டல் இருக்கட்டும், எனக்கு அந்தத் துணி வேண்டியிருந்தது. திருமயத்தில் பத்து வருடம் கணக்கு டீச்சர் நான். இங்கே இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர்காரரின் மனைவி, அவ்வளவுதான். என் பெயர் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. வகுப்பு முடிந்ததும் படங்களை நகர நூலகத்தில் மாட்டி, பக்கத்தில் வரைந்தவர் பெயரை ஒட்டுவார்கள் என்றார்கள். அந்தச் சீட்டுக்காகத்தான் சேர்ந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சட்டத்தில் இழுத்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் வீடியோவில் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

"ஏன்டி, புதுத் துணியாச்சே, மூலையில மஞ்ச வச்சியா?"

"இது உடுத்துற துணி இல்லம்மா, படம் வரையிறது."

"எதுவா இருந்தா என்ன, புதுசுதானே? வச்சிட்டுத் தொடு."

அம்மாவிடம் வாதாடி ஜெயித்த சரித்திரம் எங்கள் வீட்டில் கிடையாது. மஞ்சளைக் குழைத்து மூலையில் வைத்தேன். சனிக்கிழமை முதல் பூச்சிலேயே அது மேலே வந்து சிரித்தது. இரண்டாவது பூச்சிலும் வந்தது. மூன்றாவதிலும்.

"பூஞ்சணமா?" என்றார் ஆசிரியை லிண்டா, கையுறையைத் தேடிக்கொண்டே.

"மஞ்சள். சமையலுக்குப் போடுவது. புதுத் துணிக்கும் வைப்போம்."

"துணி அதைச் சாப்பிடுமா?"

கறையோடு நூலகத்தில் மாட்ட மாட்டார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கறையை அமுக்குவதற்கென்றே இருக்கும், சாராய வாடை அடித்த வேறொரு வெள்ளையைக் கொடுத்தார். ஒரே பூச்சு; மஞ்சள் போன இடம் தெரியவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன்; பின்பக்கம் மஞ்சள் ஊறியிருந்தது.

அதன்மேல் மணமேல்குடிக் கடலை வரைந்தேன். மாட்டினார்கள். பக்கத்தில் என் பெயர். போனை நீட்டி அம்மாவுக்குக் காட்டினேன். கடலையும் பார்க்கவில்லை, பெயரையும் பார்க்கவில்லை.

"மஞ்ச எங்கடி?"

"பின்னாடி ஊறியிருக்கும்மா, செவுத்துப் பக்கம்."

"அப்ப செவுத்துக்கா வச்ச? அங்கிட்டுக் காட்டு."

படத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கி, போனைப் பின்னால் நுழைத்தேன். நூலகத்துப் பெண் விரைந்து வந்து சீட்டைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மன்னிக்கவும், தொடாதீர்கள். இது பாண்டிச்செல்வி என்பவருடைய படம்."

படத்துக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"யாருடி அது, ஒம் பேரச் சொல்றது?"