எல்மர் வண்டிக்கு ஒரு விரல்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் கிராமச் சாலைகளில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம். ஒமாகா நகரத்து மருத்துவமனையில் காலமெல்லாம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்று, வாலர் என்ற சிற்றூருக்குத் தனியாக வந்த டார்லிஸ் ஹ்ருஸ்காவுக்கு முதல் வாரமே அந்த விரல்கள் கிடைத்தன. ஊர் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அவள் ஓட்டியது ஒரு பழைய ஷெவ்ரோலே பிக்கப். வீட்டை ஏலத்தில் எடுத்தபோது கொட்டகையோடு வந்தது. இறந்துபோன எல்மர் ஸ்டென்காவின் வண்டி. நாற்பத்தெட்டாம் வருட மாடல் என்று ஏலக்காரர் சொன்னார். எதையும் உள்ளே வரை பார்த்துப் பழகியவள், அதையும் குளிர்காலத்தில் பிரித்துப் போட்டாள்.

கணக்கு உதைத்தது. பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அது அங்கே இடம் மாறியதே நாற்பத்தொன்பதில்தான். கதவுகளில் காற்றுக்காகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி, ஐம்பத்தொன்றில் வந்தது. கதவின் கைப்பிடியோ கீழே திருகுவது. ஐம்பத்திரண்டில் அதை எடுத்துவிட்டு அழுத்தும் பொத்தான் வைத்துவிட்டார்கள். கண்ணாடியும் திருகு பிடியும் ஒரே கதவில் இருந்தது ஒரே ஒரு வருடம்தான். துருவைச் சுரண்டினால் அடியில் கரும்பச்சை, கம்பெனி அடித்த நிறம். அதையே அடித்தாள்.

மே மாதம் வெளியே எடுத்தாள். வண்டி பளபளத்தது. ஆனால் ஒரு விரலும் எழவில்லை. போகிறவர்கள் வண்டியை வெறித்துப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். என்ன தப்பு செய்தோம் என்று இரண்டு வாரம் குழம்பியவள், கூட்டுறவு பெட்ரோல் பங்கில் பக்கத்துப் பண்ணைக்காரர் கெர்வின் வந்து நின்றதும் கேட்டுவிடத் துணிந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"எந்த ஊரும்மா நீங்க? கண்காட்சிக்குப் போறீங்களா?"

"உங்க பக்கத்து வீடுண்ணே. போன வருசம் பூரா எனக்கு விரல் தூக்கினீங்களே."

"உங்களுக்கா? நாங்க எல்மர் வண்டிக்குல்ல தூக்கினோம்."

"அவர்தான் செத்துட்டாரே."

"அது கைக்குத் தெரியுமா?" கெர்வின் வண்டியைச் சுற்றி வந்தார். "அப்ப இது எல்மரோட நாப்பத்தெட்டா?"

"ஐம்பத்தொண்ணு."

"அவன் வாய்க்கு வாய் நாப்பத்தெட்டுன்னானே."

டார்லிஸ் கதவைத் திறந்து டேங்க்கைக் காட்டினாள், முக்கோணக் கண்ணாடியைத் தள்ளிக் காட்டினாள், பிடியைத் திருகச் சொன்னாள். டீசல் போட வந்த இருவர் குழாயை அப்படியே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாவி," என்றார் கெர்வின். "பழசுன்னா மதிப்புன்னு மூணு வருசம் கூட்டியிருக்கான். பிடிச்ச மீனையும் எங்ககிட்ட அப்படித்தான் கூட்டிச் சொல்லுவான்."

"மீன எக்ஸ்ரே எடுக்க முடியாதே," என்றாள் டார்லிஸ். டீசல்காரர்களில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.

கெர்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "காலையில ஆறு மணிக்கு நாங்கல்லாம் காபிக் கடையில இருப்போம். வந்து இத அவனுங்ககிட்டயும் சொல்லுங்க."

"வண்டியக் கொண்டு வரட்டுமா?"

"வண்டி எங்ககிட்டயே நெறைய கெடக்கு. நீங்க வாங்க."