இடப்பக்கத்து ஸலாம்

மஃக்ரிப் (அந்தி நேரத்) தொழுகையின் முடிவில் முகத்தை இடப்பக்கம் திருப்பியபோது, வீட்டின் ஒரு பகுதியைக் காணவில்லை.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தொழுது முடிக்கையில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என ஸலாம் சொல்வோம். எங்கள் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) முதல் ஸலாம் பர்ளு (கட்டாயம்). இரண்டாவது சுன்னத்து (விரும்பத்தக்கது). முகத்தைத் திருப்புவதும் சுன்னத்துதான். நான் பர்ளோடு திருப்தி அடைகிற ஆள். இரண்டாவது ஸலாமைக் கழுத்துச் சுளுக்கியவன்போல் முணுமுணுத்துவிட்டு எழுந்துவிடுவேன். எனக்குப் பின்னால் நின்று தொழும் மனைவி ஜமீலா மதரஸாவில் பாடம் எடுப்பவள். அன்று தொழ நிற்கும்போதே ஆரம்பித்தாள்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கன்னம் தெரியற அளவுக்குத் திரும்பணுங்க. உங்க கன்னத்தப் பார்த்து வருசமாச்சு."

"பார்க்கிற மாதிரியா இருக்கு அது?"

"பரவால்ல, சுன்னத்துக்காகப் பார்த்துக்கறேன்."

ரோஷத்தில் முழுதாகத் திரும்பினேன். அவ்வளவு திரும்பினால் அவளுடைய வெள்ளைத் தெலுக்கோங் (தொழும்போது பெண்கள் அணியும் அங்கி) கண்ணின் ஓரத்தில் பட வேண்டும். அங்கே கறுப்பாக ஒரு திரை தொங்கியது.

"லைட்டு போச்சா?"

"எரியுதே. ஏன்?"

வலக்கண்ணைப் பொத்தினேன். திரை இன்னும் அகலமானது. சில நாட்களாக இடக்கண்ணில் ஒளிக்கீற்றுகள் வெட்டிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் கிள்ளானில் மின்னலுக்கா பஞ்சம் என்று இருந்துவிட்டேன்.

கோலாலம்பூர் மருத்துவமனையில் மருந்தை ஊற்றி, கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார் டாக்டர் கலைவாணி. விழித்திரை விலகல் (ஒளியை உணரும் மெல்லிய படலம் கண்ணின் பின்சுவரிலிருந்து கழன்று வருதல்) என்றார்.

"நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு அங்கிள். அதுவும் கழன்டுச்சின்னா, நாங்க சரி பண்ணாலும் எழுத்து படிக்கிறது கஷ்டம். இன்னிக்கே செய்யணும். எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"ஸலாம் கொடுக்கும்போது."

"யாருக்கு?"

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அலுவலகத்தில் மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். எழுத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அறுவை மேசையில் விழித்தபடியே கிடந்தேன். மரத்துப்போன கண்ணுக்குள் நிழல்கள் போய்வந்தன. பாதி வாழ்நாளாக ஓதிய ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்), இரண்டாவது வசனத்திலேயே நின்று நின்று திரும்பியது.

கண்ணுக்குள் வாயுக்குமிழி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். குமிழி மேலே எழும்பிப் படலத்தை அழுத்திப் பிடிக்கும். அதற்காக நான் இரவும் பகலும் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். மறு பரிசோதனைக்கு கொமுட்டர் ரயிலில் போனபோது யாரும் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. பெட்டி முழுக்க எல்லோரும் குனிந்துதான் இருந்தார்கள். கையில் கைப்பேசி இல்லாமல் குனிந்திருந்தவன் நான் மட்டுமே.

"தொழலாம் அங்கிள். ஆனா உக்காந்து தொழுங்க. நெத்திய தரையில வச்சு அழுத்தாதீங்க. தலையத் திருப்பவே வேணாம் லா," என்றார் டாக்டர்.

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாவிட்டால் படுத்து. தலையை அசைக்க முடியாவிட்டால் கண்ணால் சைகை செய்தால் போதும் என்று மார்க்கம் சலுகை தருகிறது. எனக்கோ அந்தக் கண்ணிலேயே பழுது. நாற்காலியில் கவிழ்ந்திருந்தேன். நிலை, ருகூஉ (குனிதல்), சுஜூது (நெற்றியைத் தரையில் வைத்தல்) மூன்றும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் நடந்தன. நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்; எனக்கே சில நேரம் குழப்பம். ஸலாமை மடியைப் பார்த்தே சொன்னேன்.

"சொன்னாப் போதும். திரும்பறது சுன்னத்துதானே," என்றாள் ஜமீலா. அதே சட்டத்தை நான் இத்தனை வருடம் சொன்னபோது அவள் குரல் இப்படி நடுங்கியதில்லை.

குமிழி சுருங்கி ஒருநாள் மறைந்தது. எல்லாம் செய்யலாம் என்றார் டாக்டர். அன்று மஃக்ரிபுக்கு, பின்னால் ஜமீலா நிற்க, நின்று தொழுதேன். நெற்றி தரையைத் தொட்டபோது உள்ளே ஏதோ கழன்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன்.

தொழுகை அத்துடன் நிறைவேறிவிட்டது. சட்டப்படி எழுந்து போகலாம். இடப்பக்கம் திரும்பாவிட்டால் அங்கே திரை இருக்கிறதா என்று தெரியாமலே இருந்துவிடலாம். அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவளும் எழவில்லை.

திரும்பினேன். ஓரத்தில் வெள்ளை. பழைய வெள்ளை இல்லை, சற்று மங்கல். ஆனால் இருந்தது.

"கன்னம் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுச்சு. நான் தெரிஞ்சேனா?"

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒளிக்கீற்று வெட்டினால் வானத்தைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் பாருங்கள். உடனே போய்க் காட்டுங்கள்.

வலக்கண்ணுக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே இப்போது வலப்பக்கமும் பயந்தே திரும்புகிறேன். முன்பு இரண்டு ஸலாம்களுக்கும் நடுவே ஒரு மூச்சுக்கூட இருந்ததில்லை. இப்போது என் நாளிலேயே நீளமான நேரம் அதுதான். கன்னத்தைப் பற்றி ஜமீலா ஒன்றும் சொல்வதில்லை. நான் திரும்பி முடிக்கும்வரை, பின்னால் அவள் மூச்சு கேட்பதில்லை.