படம் பார்த்தவர்களிடம் உண்மை சொன்னது

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது நானும் என் நண்பனும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் வீடு மானிப்பாயில். சைக்கிளிலேயே வந்து போகலாம். ஆனால் எந்த நாளில் எந்த றோட்டில் இராணுவம் மறிக்கும் என்று தெரியாத காலம் என்பதால், "உங்கினையே எங்கையாவது தங்கிப் படி" என்று அப்பா சொல்லிவிட்டார். நண்பனின் வீடு கரையோரத்து மீனவர் ஊரான குருநகரில். தகப்பன் கடற்றொழில் செய்பவர். அவர்கள் வீட்டுக்குக் கிட்ட ஆமிக் காம்ப். சத்தத்திலும் சின்ன வீட்டு நெருக்கத்திலும் அவனால் படிக்க முடியவில்லை.

என்னோடு சேருவதற்கு முன் அவன் தனியாக இரண்டு வீடுகளில் அறை கேட்டுப் போயிருந்தான். இரண்டு இடத்திலும் வாசலில் வைத்தே "எந்த இடம் தம்பி?" என்று கேட்டிருக்கிறார்கள். "குருநகர்" என்றதும் அறை திடீரென்று மச்சாளின் மகனுக்கோ பெறாமகனுக்கோ தேவைப்பட்டுவிட்டது.

மூன்றாவது வீட்டை அப்பாவின் கடைக்கு வரும் ஒருவர் பேசித் தந்தார். அப்பாவுக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் பெரிய புடவைக்கடை. "மானிப்பாய்ப் புடவைக்கடை முதலாளியின்ரை மகனும் அவரோடை படிக்கிற பெடியனும் வருவினம்" என்று வீட்டுக்காரருக்குச் செய்தி போயிருந்தது. அவ்வளவுதான். எவன் முதலாளி மகன், எவன் கூடப் படிக்கிறவன் என்று அதில் அடையாளம் ஒன்றும் இல்லை.

நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பன் தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே வந்திருந்தான். மினுக்கிய வெள்ளைச் சேட்டு, கறுத்தச் சப்பாத்து, படிய வாரிய தலை. அவன் தாய் மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் பிள்ளை உடுத்துவதில் பிடிக்கமாட்டா. நானோ மெத்தையையும் றங்குப்பெட்டியையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். கொக்குவில் தாண்டுவதற்குள் செயின் பல தரம் கழன்று கையெல்லாம் கிறீஸ். என் சேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா கடை நிறையப் புடவை வைத்திருந்தார். மகனுக்கு மட்டும் விற்காமல் மிஞ்சிய வெட்டுத்துண்டில்தான் சேட்டுத் தைப்பிப்பார். அன்றைய சேட்டின் கையும் உடம்பும் ஒரே நீலம் அல்ல.

வீட்டுக்கார அன்ரி வாசலுக்கு வந்தார். தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவரின் மனைவி.

"வாங்கோ தம்பி, உள்ளை வாங்கோ. அப்பா சுகமோ?" என்று நண்பனைக் கேட்டார்.

"ஓம் அன்ரி, சுகமாயிருக்கிறார்" என்றான் அவன். அவன் அப்பாவும் சுகமாகத்தானே இருந்தார்.

பிறகு அன்ரி என் பக்கம் திரும்பினார். "நீர் உந்தச் சாமானை இறக்கிப் பின்பக்கத்தாலை கொண்டுபோம்."

அறைக்குள் போனதும், "போய்ச் சொல்லு. மாறி விளங்கியிருக்கிறா" என்றேன். அவன் கட்டில் விளிம்பில் இருந்து சப்பாத்தைக் கழற்றினான்.

"ரெண்டு வீட்டிலை வாசல்லையே நிண்டு திரும்பினனான். இஞ்சைதான் இருக்கக் கதிரை தந்தவை. கொஞ்ச நாள் விடு மச்சான்."

விட்டேன். அதற்குப் பிறகு நான் பட்ட எரிச்சல் கொஞ்சமல்ல. அவனுக்கு 'நீங்கள்', எனக்கு 'நீர்'. அவனுக்குக் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி, எனக்குக் காது உடைந்த கோப்பையில். அவன் சோற்றின்மேல் முட்டைப் பொரியல் இருக்கும். என்னுடையதில் தேடினாலும் இராது. ஒருநாள் காலை நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்க, "தம்பிக்குக் குளிக்க ரெண்டு வாளி அள்ளி வையும்" என்றார். நண்பன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான். "நீங்கள் விடுங்கோ தம்பி, அவர் அள்ளுவார்" என்று அன்ரி அவனைத் தடுத்தார். அவன் வெட்கமும் சிரிப்புமாக நின்றான். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் முறையிட்டேன். ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே, "விசரே உனக்கு? கடைக்காரன் பிள்ளை எண்டு தெரிஞ்சா வாடகையைக் கூட்டிப்போடுவினம். பேசாமல் இரு" என்றார்.

இனிப் பொறுப்பதில்லை, பரீட்சை முடிந்ததும் நானே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வீட்டுக்கு வீடியோ டெக் வந்தது.

அன்ரியின் தம்பி சவூதியிலிருந்து ரீவியும் டெக்கும் கொண்டுவந்திருந்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோலின் யன்னல்களைச் சேலையால் மறைத்து, அயல்வீட்டுச் சனத்தையும் கூப்பிட்டுப் படம் போட்டார்கள். பகிடிப் படம். பெரிய பணக்காரனின் ஒரே மகன், தன்னை ஆர் மனமார விரும்புகிறார்கள் என்று அறிய, ஒரு வீட்டுக்குச் சமையல்காரனாக வருகிறான். அவனுடைய உண்மையான சமையல்காரன் கோட்டுப் போட்டுப் பொய்மீசை ஒட்டி அதே வீட்டுக்குப் பணக்காரனாக வருகிறான். வீட்டார் சமையல்காரனை ஊஞ்சலில் இருத்தி விசிறுகிறார்கள். பணக்காரனைக் கரிச்சட்டி தேய்க்க வைக்கிறார்கள். இடையில் பணக்காரனின் தோழன் ஒருவன் வந்து, இவன் வெறும் சமையல்காரன்தான் என்று கற்பூரத்தை அணைத்துப் பொய்ச்சத்தியம் பண்ணுகிறான். கடைசியில் பொய்மீசை பாயாசத்துக்குள் விழுந்து எல்லாம் வெளிப்படுகிறது.

ஹோல் முழுக்கச் சிரித்தது. நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சட்டி தேய்க்கிற காட்சிகளில் நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி புருசனிடம், "எவ்வளவு காசை வைச்சுக்கொண்டு எப்பிடித் தாழ்மையா இருந்தான் பாத்தியளே!" என்றார். சொல்லும்போது என் நண்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கிழமை நான் பின் விறாந்தையில் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்ரி வந்து பக்கத்தில் நின்று மெதுவாகக் கதை கொடுத்தார். நண்பனின் வீட்டில் எத்தனை பிள்ளைகள், இவனுக்கு எங்கேயாவது பேச்சுவார்த்தை நடக்கிறதா, சாதகம் யாரிடம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவள். பரீட்சைவரை பொறுக்க இனி இடமில்லை.

"அன்ரி, நீங்கள் மாறி விளங்கியிருக்கிறியள். புடவைக்கடை எங்கடை. நான்தான் மானிப்பாய். அவன் குருநகர், அவன்ரை அப்பா கடலுக்குப் போறவர்."

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். சேட்டைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"உப்பிடிச் சொல்லச் சொல்லித் தம்பி விட்டவரோ?"

"இல்லை அன்ரி, உண்மை!"

"படத்திலையும் கூட வாற தோழன்தானே வந்து பொய் சொல்லுறவன்."

"கோயிலடியிலை எண்டாலும் வந்து சத்தியம் பண்ணுறன்."

"அவனும் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினவன்தானே" என்று சொல்லிவிட்டு அன்ரி உள்ளே போனார். நான் கையில் ரியூப் ஒட்டும் சொலூசனோடு இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் உண்மை சொன்னதும் இல்லை, அவ்வளவு சந்தோசமாக ஒருவர் அதை நம்பாமல் விட்டதும் இல்லை.

நண்பனை இழுத்துக்கொண்டு போய், அன்ரி சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் விட்டேன். மகளின் பேச்சு வந்துவிட்டது என்றதும் அவனும் பயந்துபோனான். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். குருநகர், தகப்பன், வலை, வீடு, தான் வேதக்காரன் என்பது. அவனுக்குத் தேவாலயத்தில் வைத்த பெயர் ஒன்று, எல்லோரும் கூப்பிடும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. அதையும் சொன்னான். அன்ரி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் ஆராயிருந்தாலும் சரி தம்பி. நாங்கள் காசு பணம் பாக்கிறேல்லை. ஆளின்ரை குணம்தான் முக்கியம்."

அன்று அவன் சோற்றில் இரண்டு முட்டை இருந்தது.

"இனி என்னடா செய்யிறது?" என்று அவன் என்னைக் கேட்டான். என்னையா கேட்கிறாய் என்று கத்தினேன். இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேறு அறை தேடத் தொடங்கினோம். தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் அப்பா வந்துவிட்டார்.

கடலுக்குப் போக அரசாங்கம் தடை போட்டிருந்த மாதங்கள் அவை. கரையோரத்தில் மட்டும் கொஞ்சம் தொழில் செய்யலாம் என்று எப்போதாவது விடுவார்கள். அப்படி விட்ட ஒரு நாளில் நல்ல இறால் பட்டிருக்கிறது. மகனுக்கென்று ஒரு பனையோலை உமலில் போட்டு, சாரமும் தோளில் துவாயுமாகச் சைக்கிளில் வந்திருக்கிறார். நாங்கள் விரிவுரைக்குப் போயிருந்தோம். நடந்ததைப் பிறகு அவர் வாயால்தான் அறிந்தோம்.

"தம்பியைப் பாக்க வந்தனான் பிள்ளை" என்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் தகப்பன்மார் மகனைத் தம்பி என்றுதானே சொல்வார்கள். அன்ரிக்கு அது வேறுவிதமாகக் கேட்டிருக்கிறது.

"முதலாளி அனுப்பினவரோ? பின்னாலை வாரும்."

மத்தியானம் நாங்கள் வந்தபோது அவர் கிணற்றடியில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேலையாட்களுக்கென்று சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கும் தகரப்பேணியில் பாதித் தண்ணீர். மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உடைச்சுத் தரச்சொன்னவா. சுடச்சுடப் பொரிச்சுத் தருவாவாம். சாப்பிட்டிட்டுப் படி."

நண்பன் அந்தப் பேணியைப் பார்த்தபடி நின்றான். அவனை அப்படி நான் முன்பு கண்டதில்லை.

"எழும்புங்கோ அப்பா" என்றான்.

குசினி வாசலில் நின்ற அன்ரி சிரித்தார். "படம் பாத்த பிறகு உங்களுக்கு விளையாட்டுக் கூடிப்போச்சு தம்பி."

அவன் வாளியில் தண்ணீர் அள்ளித் தகப்பனின் கையைத் தானே கழுவினான். துவாயால் துடைத்தான். கையைப் பிடித்து, பின்பக்கத்தால் அல்ல, வீட்டைச் சுற்றி முன்பக்கத்தால் ஹோலுக்குக் கூட்டிப்போனான். வீட்டுக்கார ஐயாவின் சாய்மனைக் கதிரையில் இருத்தினான். கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"வேண்டாமடா, சாரம் ஈரம்" என்று அவர் எழும்பப் பார்த்தார். இவன் தோளில் கைவைத்து இருத்தினான். குனிந்தபோது இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரே மூக்கு, ஒரே புருவம். அன்ரி பின்னாலேயே வந்து கதவடியில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. நாங்கள் எத்தனை வாயால் சொல்லியும் ஏறாதது இப்போது ஏறிவிட்டது.

அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப... புடவைக்கடை?"

"எங்கடை."

"நீங்கள் எண்டாலும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி!"

"சொன்னனான் அன்ரி! சொன்னனான்! சத்தியம் பண்ணுறன் எண்டும் சொன்னனான்!" என் குரல் றோட்டுவரை கேட்டிருக்கும். எந்தப் பிரயோசனமும் இல்லை. அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அந்தச் சாய்மனைக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நண்பனின் அப்பா தண்ணீரைக் குடித்து முடித்து, "தம்பி, முதலாளி அனுப்பினதோ எண்டு கேட்டவா. ஆரடா முதலாளி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேந்து சொல்லுறன் அப்பா" என்றான் அவன்.

பின்னேரம் ஐயா எங்கள் அறை வாசலுக்கு வந்தார். அதிகம் கதைக்காத மனிதர். உறவுக்காரப் பெடியன் ஒருவன் வவுனியாவிலிருந்து வருகிறானாம், ஒரு கட்டில் தேவையாம். "மற்றத் தம்பி விரும்பினா இருக்கலாம்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். காசு பணம் பார்ப்பதில்லை, குணம்தான் முக்கியம் என்று சொன்ன வீடு. நான் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினேன்.

மறுநாள் காலை சாமானைக் கட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்தபோது அவர்களுடைய மகள் பூப் பிடுங்கிக்கொண்டு நின்றாள். அதுவரை எங்களோடு இரண்டு வார்த்தை கதைத்தவள் அல்ல.

"எனக்கு முதலே தெரியும்" என்றாள், பூக்கூடையைப் பார்த்தபடி.

"எப்பிடி?" என்றேன்.

"அவர் டக்கெண்டு முள்ளெடுத்து மீன் சாப்பிடுற கெதியைப் பாத்தனான். உங்கடை பக்கத்திலை ஆரும் அப்பிடிச் சாப்பிடமாட்டினம்."

"அப்ப அம்மாட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். 'வேசம் போடுறவன் அதெல்லாம் பழகிக்கொண்டுதானே வருவான்' எண்டு சொன்னா." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நண்பன் கேற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இது கேட்டதோ தெரியாது.

கோப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்யும் ஒருவர் வீட்டில் அறை கிடைத்தது. நண்பன் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னமே, ஆரும் கேட்காமலே, "ஐயா, நான் குருநகர். அப்பா கடற்றொழில்" என்றான். அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "அதுக்கென்ன, அறை அங்காலை" என்றார். மழை வந்தால் என் கட்டிலின்மேல் மட்டும் ஒழுகும் அறை அது.

நண்பன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். விருந்துகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்கிறான் என்று கேள்வி. அவன் சொல்லும்போது கிறீஸ் கை, வெட்டுத்துண்டுச் சேட்டு, இரண்டு முட்டை எல்லாம் வருமாம். அதுவும் மூன்று முட்டையாகிவிட்டது. ஒருநாள் தொலைபேசியில், "நீ பிழையாய்ச் சொல்லுறாய். கிணற்றடியிலை அப்பா இருந்ததை ஏன் விட்டனீ?" என்று கேட்டேன்.

"அதைச் சொன்னா ஒருத்தரும் சிரிக்கமாட்டினம் மச்சான்" என்றான். பிறகு என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டான்.