மேரி இல்லாத பூஜ்யம்

மேரியின் தம்பி ராயபுரத்திலிருந்து பேசினார். "அக்கா பூட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்." நான், "சரி, நாளைக்கு வேலைக்கு வந்தா போதும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அப்புறம்தான் சாவு என்று உறைத்தது.

எர்ணாவூரில் எங்கள் பட்டறை, டீசல் தொட்டிகளுக்கு மட்டம் காட்டும் கருவி செய்கிறது. நானும் மேரியும் அங்கே ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். கருவி என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள். நடுவே டீசல் ஏற ஏற, அவை தாங்கும் மின்னூட்டம் கூடும். அதை முதலில் மின்னழுத்தமாக்கி, பெருக்கி, பிறகு எண்ணாக்கி நான் மல்லாடிக்கொண்டிருந்தேன். "இன்னாத்துக்கு இத்தினி சுத்து? ஒரே சிப்பு, நேரா எண்ணு" என்று முதலாளியிடம் சண்டை போட்டு மாற்றியவர் மேரி. என் சர்க்யூட்டுகள் குப்பைக்குப் போயின. ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

அந்தச் சிப் பொல்லாதது. கருவிக்கு மூடி போடும் முன் பக்கத்தில் ஆள் நின்றால், உடம்பையும் சேர்த்து அளந்துவிடும். காலிக் குழாயை வைத்து, இதுதான் காலி என்று அதில் பூஜ்யம் பதிக்கும்போது மேரி என்னையும் சேர்த்து எல்லோரையும் விரட்டுவார். "தள்ளி நில்லு சேகரு. நீயும் எண்ணுல ஏறிக்கினு கீற!" முதலாளிக்கும் அதே மரியாதைதான்.

அடக்கம் முடிந்து வந்து, அவர் பதித்து வைத்திருந்த, இன்னும் மூடி போடாத கருவிகளைச் சரிபார்த்தேன். காலிக் குழாய் பூஜ்யத்துக்கும் கீழே காட்டியது. காலிக்குக் கீழே என்ன இருக்க முடியும்? ஒயரை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், கடல் காற்றைத் திட்டினேன். ஒன்றும் புரியாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சரியாகப் பூஜ்யம். எழுந்தேன், இறங்கியது.

எல்லோரையும் விரட்டியவர் தன்னை விட்டுவிட்டார்; அவர் உடம்பும் பூஜ்யத்தில் ஏறியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த எனக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் வெளியே போன கருவிகளும் குறைத்தே காட்டும். தொட்டி வழியும்போதும் இடம் இருக்கிறது என்று சொல்லும். சொன்னால் அவர் பெயர் கெடும். சொல்லாவிட்டால் எங்காவது தீப்பிடிக்கும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொல்லிவிட்டேன்.

"அப்ப மேரி தப்பு பண்ணிட்டாங்களாபா?" என்றார் முதலாளி. ஆமாம் என்றேன். உடனே இல்லை என்றேன். எது சரியென்று இன்னும் தெரியவில்லை.

கருவிகள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. இன்று, திரும்பி வந்ததில் முதல் கருவிக்கு நீண்ட ஒயர் கட்டி, கதவுக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தினேன். பூஜ்யம். மேசையருகே யாரும் இல்லை என்று அது முதல்முறையாகச் சரியாகச் சொன்னது. நான் அழுதேன்.

போய் வாருங்கள், மேரி.