பெயரின் பின்பாதி

அப்பாவின் பெயரை என் பெயரிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, பகல் பதினோரு மணிக்கு, டீ ஆறுவதற்குள் அந்தக் காரியத்தைச் செய்து முடித்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? இனிஷியலோடு சரி. ஆனால் முகநூலில் கணக்குத் தொடங்கியபோது இரண்டு கட்டத்தைக் காட்டி இரண்டையும் நிரப்பு என்றது. நம் ஊரில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதல் கட்டத்தில் என் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர். கல்லூரியில் படித்த காலம் முழுக்க அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. என் கண்ணையும்தான்.

அப்பாவுக்கு வைத்திருப்பது ஓர் எல்லைச்சாமியின் பெயர். கிடா வெட்டி, சாராயம் படைத்துக் கும்பிடுகிற சாமி. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே எந்தத் தெருக்காரர் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார். அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். வேன் ஸ்டாண்டில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இரண்டு மாதம் தங்குவதற்காக விடுதிக்கு வந்திருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர் என்னை முகநூலில் சேர்த்துக்கொண்டார். அவர்கள் ஊரில் பின்னால் இருப்பதுதான் மரியாதையான பெயர் போலிருக்கிறது. மறுநாள் காலை, ஹால் நிறைய ஆட்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முன்னால் ஒரு 'மிஸ்' சேர்த்து அப்பாவின் பெயரால் என்னைக் கூப்பிட்டார். ஃபாரத்தில் எழுதியதைத் தவிர நான் வாய்விட்டுச் சொல்லியே பழகாத பெயர். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா, உங்கப்பா பேரா அது? கெடா வெட்டற சாமியாச்சே" என்றார். அந்த அம்மாளுக்கும் இங்கிலீஷில் விளக்கினார், சாராயம் உட்பட. அவர் அன்பாகத்தான் தலையாட்டினார். எனக்குத்தான் மானம் போனது மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது என் அப்பா பெயரே இல்லை, கணக்குத் தொடங்கும்போது ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு நிமிடம். அப்பா பெயர் இருந்த இடத்தில் எங்கள் ஊர் மலையின் வடமொழிப் பெயரில் பாதியை வெட்டி ஒட்டினேன். ஆசிரமத்துப் பக்கம் கடைக்கும் கஃபேக்கும் வைக்கிறார்களே, அதே பாதி. இனி இரண்டு மாதத்துக்கு மாற்ற முடியாது, சம்மதமா என்று கேட்டது. பாஸ்வேர்டைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஹார்ட்டாக வந்து குவிந்தது. அந்த அம்மாள் 'அழகான பெயர்' என்று எழுதியிருந்தார். வெட்கங்கெட்டவள், எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் அப்பா போன் செய்தார். என்னைக் காணோம் என்றார்.

அப்பாவுக்கு இங்கிலீஷில் எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று, லைசென்ஸில் இருக்கும் அவருடைய பெயர். முகநூலில் அவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவளே நான்தான். தேடுகிற இடத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டுவார், நான் வந்து நிற்பேன். லோடு இறங்குகிற நேரத்தில் என் போட்டோக்களை எல்லாம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் லைக் போட்டு, மைக்கில் பேசி 'சூப்பர் பாப்பா' என்று அனுப்புவார். இப்போது அதே மாதிரி தட்டினால் யார் யாரோ வருகிறார்களாம், நான் மட்டும் வரவில்லையாம்.

நானே மாற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், பெயரெல்லாம் மாறிக் கிடக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அளந்துவிட்டேன். அப்பாவுக்கு என்மேல் சந்தேகப்படத் தெரியாது. வேன் ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் பிடித்து, என் மகள் பெயரில் எது வந்தாலும் நம்பாதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள், விடுதி வாசலில் வேனை நிறுத்திவிட்டு அப்பா நிற்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கியிருந்தார். அவருடைய லைசென்ஸ் நகல், என் ஆதார் நகல் எல்லாம் பின்னால் குத்தியிருந்தது. நானும் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

வாங்கிப் படித்தேன். 'என் மகளின் பெயருக்குப் பின்னால் பல வருடங்களாக இருந்து வந்த என் பெயரை மர்ம நபர் ஒருவர் நீக்கிவிட்டு வேறு பெயரைச் சேர்த்துள்ளார். மேற்படி நபரைக் கண்டுபிடித்து, என் பெயரை மீண்டும் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' மேற்படி நபர் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அப்பா பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நான்தாம்ப்பா மாத்துனேன்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். ஏன் என்று கேட்டிருந்தால் எதையாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு விடுதியின் போர்டைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அதற்குள் மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, யார் இது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல சார், அட்ரஸ் கேட்டுக்கினு இருந்தேன்."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கப்பா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மரம் மாதிரி நின்றேன். அப்பா வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் என்ன அட்ரஸ் என்று கேட்டதற்கு, ஏதோ ஒரு லாட்ஜின் பெயரைக்கூடச் சொன்னேன்.

அன்று மதியமே பெயரைத் திருப்பி மாற்றப் பார்த்தேன். இரண்டு மாதம் முடிந்தால்தான் முடியும் என்றது. அப்பாவுக்குப் போன் செய்து, அது முடிந்த உடனே மாற்றிவிடுகிறேன் என்று அழுதேன். அதற்கு என்ன இப்போது அவசரம், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சுறுசுறுப்பு. செல்போன் கடைக்காரரிடம் கொடுத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாராம். கையோடு தன் பெயரையும் மாற்றிக்கொண்டாராம். பாரேன் என்றார். பார்த்தேன். முதல் கட்டத்தில் என் பெயர், இரண்டாவதில் 'அப்பா'. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தும் கேட்டேன். தெருவில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"இப்ப உன் போட்டோவுக்கு லைக் போடலாம் இல்ல பாப்பா? பாக்கறவங்களுக்கு எம்பேரு தெரியாது."

போடுங்கப்பா என்றேன். அந்த மூன்று வாரத்தில் அவர் பார்க்காமல் விட்டுப்போன எல்லாப் போட்டோக்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக லைக் வந்து விழுந்துகொண்டிருந்தது.